சிம்மாசனத்துக்கு ஓட்டத் தெரியாது

தொழிற்சாலையில் அவருக்குச் சிம்மாசனம் என்று பட்டப்பெயர். உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிற மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மற்றவர்கள் இரும்பை அடித்தும் ரப்பரை வெட்டியும் பெயிண்ட் புகையை மூக்கில் வாங்கியும் பாடுபட, இவர் மட்டும் காலை ஒன்பது மணிக்கு ஒரு மரக்கூட்டுக்குள் இறங்கி, காலை நீட்டி, கண்ணை மூடி உட்காருவார். பன்னிரண்டு மணிக்கு எழுந்து வெளியே வருவார். "என்ன சிம்மாசனம், இன்னிக்கு ரொம்ப உழைப்போ?" என்று வெல்டர்கள் கேட்பார்கள். "உட்கார்றவன் கஷ்டம் நிக்கிறவனுக்கு எங்கய்யா தெரியும்?" என்று முதுகைத் தேய்த்துக்கொண்டே போவார் இவர்.

கேலி கிடக்கட்டும். தொழிலாளிகள் தும்பி என்று செல்லமாகக் கூப்பிடும் அந்த ஸ்போர்ட்ஸ் கார் இரண்டே பேர் உட்காரக்கூடியது. அது பிறந்ததே இவர் உடம்பை அளவாக வைத்துத்தான். சீட் எவ்வளவு தாழ்வு, ஸ்டியரிங் எவ்வளவு தூரம், கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி, எல்லாம் இவர் முதுகையும் முழங்காலையும் கேட்டு முடிவானவை. நாற்பது வருடத்தில் தும்பி ஐந்து பிறவி எடுத்தது. ஐந்திலும் முதலில் போய் உட்கார்ந்தவர் இவர்தான். ஒரு மனுஷனுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

ஒரே ஒரு சங்கடம். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இந்த ரகசியம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவர், இன்னொருவர் அவர் மனைவி. மூன்றாவது காதுக்குப் போனால் மறுநாளே மரக்கூட்டில் வேறொருவன் காலை நீட்டியிருப்பான். பிறகு அவரிடம் என்ன மிச்சம்? பட்டப்பெயர் கூட மிஞ்சாது. அந்தப் பயத்தோடுதான் அவர் நாற்பது வருடம் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. இருபத்தாறு வயதில் அவர் சீட் உறை தைக்கும் பகுதியில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பெரிய இன்ஜினியர் அளவு நாடாவும் கையுமாக வந்து நின்றார். அங்கிருந்த இருநூறு ஆண்களையும் வரிசையாக நிறுத்தி, கை, கால், இடுப்பு, கழுத்து என்று ஒன்று விடாமல் அளந்தார். அவர் தேடியது பயில்வானை அல்ல, அழகனையும் அல்ல. எல்லாவற்றிலும் நடுவில் நிற்கிற ஆளைத் தேடினார். அதற்கு நம்மவரை விட்டால் யார்? வீட்டில் நடுப்பிள்ளை, பள்ளியில் நடு பெஞ்சு, பரீட்சையில் நடு மார்க்கு. பிறந்ததிலிருந்து யாரும் மதிக்காத அந்த நடுத்தரத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை வந்தது.

"வண்டி ஓட்டுவியாப்பா?" என்று கேட்டார் பெரிய இன்ஜினியர்.

இவருக்கு முன்னால் அளவு கொடுத்தவன் தெரியாது என்று உண்மையைச் சொல்லித் தன் மெஷினுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்த்தபடியே இவர், "ஓட்டுவேன் சார்" என்றார். நாளைக்கே கற்றுக்கொண்டால் ஆயிற்று என்ற நினைப்புதான். நாளை என்பது அவ்வளவு பெரிய நாளாக நீளும் என்று யார் கண்டது?

மரக்கூடு என்பது காரின் உள்பக்கம் மட்டும். பலகையும் ஆணியும் பசையுமாக ஒரு தச்சர் அடித்துக் கொடுப்பார். சக்கரம் கிடையாது, இன்ஜின் கிடையாது, பக்கத்து இருக்கைகூடக் கிடையாது. ஒரு சீட், ஒரு ஸ்டியரிங், மூன்று பெடல், எதிரே வெள்ளையடித்த சுவர். சுவரின் ஓரத்தில் ஒரு பழுப்புக் காகிதம் தொங்கும். அதில் இவர் உடம்பின் கோட்டுருவம் வரைந்திருக்கும். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, எங்கே எப்போது வலி தொடங்குகிறது என்று இவர் சொல்லவேண்டும். சொல்லும் இடத்தில் இன்ஜினியர் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். மறுநாள் தச்சர் அந்தப் புள்ளிக்கு நேரே பலகையை இழைத்தோ ஒட்டியோ சரிசெய்வார். மறுபடி உட்காரவேண்டும். புள்ளியே இல்லாத காகிதம் வருகிற வரைக்கும் இதுதான் வேலை.

"கண்ணை மூடிக்கப்பா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் பெரிய இன்ஜினியர். "திறந்திருந்தா கண்ணுதான் பேசும். மூடினாத்தான் முதுகு பேசும்."

மூடினார். முதலில் ஒன்றுமில்லை, பசை வாசனையும் தச்சர் இருமுவதும்தான். கால் மணி நேரம் போனதும் வெள்ளைச் சுவர் இமைக்குள் கரைந்து மூடுபனியாயிற்று. மூடுபனி விலகியபோது ஒரு சாலை இருந்தது. இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், தார் மீது ஈரம், தூரத்தில் ஒரு வளைவு. இவர் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினார். சாலை கூடவே திரும்பியது. காற்று முகத்தில் பட்டது என்றே சத்தியம் செய்வார். "இப்ப ஒரு பாலம் வருது சார்... கீழ தண்ணி ஓடுது... ஆங், இடது தோள்ல லேசா பிடிக்குது" என்றார் மெல்ல. பெரிய இன்ஜினியர் சிரிக்கவில்லை. அப்படியே எழுதச் சொன்னார். அந்தக் காலத்துக் குறிப்பேடுகளில் இப்போதும் பார்க்கலாம்: ஒன்றரை மணி நேரம், பாலம், இடது தோள். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம், தூறல், வலது தொடையின் கீழ்ப்பக்கம்.

மனைவி நகரத்துப் பேருந்து ஓட்டுநர். கல்யாணத்துக்கு முன்பே அந்த வேலைக்கு வந்துவிட்டவள். அவள் அப்பா லாரிக்காரர். பத்து வயதில் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்தவள் அதற்குப் பிறகு விடவில்லை. ஆள் குள்ளம். ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்தால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் பேருந்து தானே ஓடுவது போல இருக்கும். பஸ்காரம்மா என்றால் அந்த வழித்தடத்தில் தெரியாதவர் இல்லை.

வேலை கிடைத்த வாரமே அவளிடம் உண்மையைச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். உங்களுக்குக் கூடத்தையே நீங்க சொல்ற மாதிரி கட்டித் தர்றாங்களே!" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பழைய வண்டியை வாங்கிவந்து, பேருந்து நிறுத்துமிடத்தின் காலி மைதானத்தில் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கியர் விழுந்தது, வண்டி நகர்ந்தது. கை ஸ்டியரிங்கில் ஊன்றியதும் பழக்க தோஷத்தில் இவர் கண் தானாக மூடிக்கொண்டது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. பிறகு இல்லை.

நாலைந்து ஞாயிறு முயன்றார்கள். அவள் தொடையில் கிள்ளினாள், காதுக்குள் கத்தினாள். பத்து அடி போவதற்குள் இமை இறங்கிவிடும். "தூங்குறதுக்குன்னு ஒரு வாகனம் வேணும்னா கட்டில் போதுமே" என்று கடைசியில் விட்டுவிட்டாள்.

முதல் தும்பி வெளியே வந்த நாளைத் தொழிற்சாலையில் யாரும் மறக்கவில்லை. நீண்ட மூக்கு, உருண்டை விளக்குகள், துணிக்கூரை. கதவு தகரம்தான், சாத்தினால் டப்பா மூடுகிற சத்தம் வரும். உட்கார்ந்தால் தரை எட்டிக் கைகொடுக்கும். ஆனாலும் என்ன அழகு! பெரிய இன்ஜினியர் எல்லார் முன்னாலும் சாவியை இவரிடம் நீட்டி, "முதல் ரவுண்டு நீ போப்பா" என்றார். இவருக்கு உடனே நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் வந்தது. சாவி வேறு கைக்குப் போனது.

அன்று தொழிலாளிகளின் குடும்பத்தாருக்கும் அனுமதி உண்டு. பஸ்காரம்மா ஆசையாக உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கிளட்ச் இன்னும் நாலு விரல் தள்ளி இருந்தது. விளிம்புக்கு நகர்ந்து நுனிக்காலால் தொட்டாள், அப்போது தலை ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் சிரிக்க, அவளும் சிரித்தாள். "நீ கொஞ்சம் வளரணும்" என்றார் இவர். "எட்டாத பழம் புளிக்கும்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான்" என்று எழுந்து வந்தாள். மறுநாள் விடியற்காலை அவளுக்குப் பேருந்து இருந்தது.

எட்டு வருடம் கழித்து இரண்டாவது தும்பி. விபத்துச் சட்டங்கள் மாறியிருந்தன. மூக்கில் தடியான கறுப்பு ரப்பர் பம்பர் முளைத்தது. சீட் பெல்ட் வந்தது. வண்டி நாலு விரல் அகலமாயிற்று. இவர் இடுப்பும் நாலு விரல் அகலமாகியிருந்ததால் ஒருவருக்கொருவர் பொருத்தமாகவே இருந்தார்கள். சாலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பாலத்தைத் தாண்டி மலை ஏறியது. ஏறும்போது மேகங்கள் பானட்டின் மேல் படிந்து படிந்து விலகின. மூன்று மணி முடிந்து தச்சர் தோளைத் தொட்டால் இவருக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டுக்கு வந்தும் பாதி மலையிலேயே இருப்பார். மனைவி இரண்டு தரம் கூப்பிட்டால்தான் இறங்கிவருவார்.

சாவி நீட்டிய நாளில் பெரியப்பாவைச் சாகடித்தார். பெரியப்பா அப்போது வேறு ஊரில் காலையும் மாலையும் மூன்று மைல் நடந்துகொண்டிருந்தார். பஸ்காரம்மா அந்த முறையும் வந்து உட்கார்ந்து பார்த்தாள். இப்போது சீட்டை முன்னால் தள்ள முடிந்தது. தள்ளினால் ஸ்டியரிங் வயிற்றில் இடித்தது, அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். "உங்க தும்பிக்கு என்னையும் பிடிக்கல, என் பிள்ளையையும் பிடிக்கல" என்றாள்.

மூன்றாவது தும்பியில் நடந்ததை அவர் மனைவியிடம்கூட ரொம்ப நாள் சொல்லவில்லை. அது கோணல் கோணலான வண்டி. விளக்குகள் பகலில் மூடியிருக்கும், பொத்தானைத் தட்டினால் கண் விழிப்பதுபோல மேலே எழும். கெட்டியான கூரை, பாட்டு கேட்கப் பெட்டி. மரக்கூட்டில் இவர் மலையின் மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தார். மாலை வெயில், சரிவு, பெடலை மிதிக்கவே தேவையில்லை. அப்படியே தூங்கிப்போனார். சும்மா கண்ணயர்ந்ததல்ல, நல்ல ஆழ்ந்த தூக்கம். மூன்று மணி நேரம் வாயே திறக்காததால் காகிதத்தில் ஒரு புள்ளி இல்லை. பெரிய இன்ஜினியர் கண்கலங்கிவிட்டார். வாழ்நாளில் முதல் முறையாகக் குற்றமே இல்லாத சீட் கிடைத்துவிட்டதாம். அப்படியே வார்த்து அச்சுக்கு அனுப்பினார்கள்.

வண்டி வாங்கியவர்களுக்கு முக்கால் மணி நேரத்தில் இடுப்பு கழன்றது. புகார் மேல் புகார். கடைசியில் கம்பெனி ஒரு குட்டித் தலையணை செய்து இலவசமாகக் கொடுத்தது. அதில் ஒரு தும்பிப் படம் பின்னியிருந்தார்கள். அதற்கென்று ஒரு மவுசு வந்துவிட்டது. தலையணை இல்லாத மூன்றாவது தும்பியைப் பழைய கார் பிரியர்கள் தொடவே மாட்டார்களாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர் தூக்கம் ஒரு தலையணைக்கு அடியில் மறைந்துபோனது.

நாலாவது தும்பிக்குப் பெரிய இன்ஜினியர் இல்லை, ஓய்வில் போயிருந்தார். கதவுகள் தடித்து, ஜன்னல்கள் கண் இடுக்கிப் பார்க்கிற அளவுக்குக் குறுகி, ஸ்டியரிங்குக்குள் காற்றுப் பை ஒளிந்துகொண்டது. உடம்பெல்லாம் ஒயர் செருகிய ஒரு பொம்மை வந்து மரக்கூட்டில் இவரோடு முறை வைத்து உட்கார்ந்தது. போயிற்று நம் பிழைப்பு என்று நினைத்தார். ஆனால் பொம்மை எவ்வளவு அழுத்தம் என்றுதான் சொன்னதே தவிர, எங்கே வலிக்கிறது என்று சொல்லவில்லை. இவரையே கூப்பிட்டார்கள். அந்த முறை சாலை கடலுக்கு வந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர், மறுபக்கம் வெள்ளை வீடுகள். யாரும் எதிரே வரவில்லை. சாவி நீட்டிய நாளில் ஞாபகமறதியாகப் பெரியப்பாவையே மறுபடி சாகடித்தார். நல்லவேளை, ஆட்கள் மாறியிருந்தார்கள். பஸ்காரம்மாவுக்கு மோட்டார் வைத்து உயரும் சீட் எட்டியது, பெடலும் எட்டியது. பெல்ட் கழுத்தை அறுத்தது. "பரவால்ல, ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் கிட்ட வருது" என்று தடவிக்கொண்டே இறங்கினாள்.

இருவரும் ஓய்வு பெற்றார்கள். மகள் கல்யாணமாகித் தூரத்துக்குப் போனாள். இனி குட்டு வெளிப்பட வழியில்லை என்று அவர் நிம்மதியாக மூச்சு விட்டபோதுதான் ஐந்தாவது தும்பிக்கு ஆள் வந்தது.

இது பேட்டரி வண்டி. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சத்தமும் இல்லை. விளக்குகள் மறுபடி உருண்டையாகிவிட்டன. தலைமை இன்ஜினியர் ஒரு நாற்பது வயது அம்மாள். பழைய குறிப்பேடுகளை எல்லாம் வாசித்தவர். "பாலம், தூறல்னு எல்லாம் சொல்லியிருக்காரே, அது நீங்கதானே?" என்று எழுந்து நின்று வரவேற்றார். இவருக்கு உச்சி குளிர்ந்தது. மறுபடி மரக்கூடு, மறுபடி சாலை. ஒரு மாதம் உட்கார்ந்தார். காகிதத்தில் புள்ளிகள் ஏழு, ஐந்து, இரண்டு என்று குறைந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் சொன்னார்: "ஐயா, இப்போ புது விதி. மரத்துல உட்கார்ந்தவரே நிஜ வண்டியையும் ஓட்டிச் சொல்லணும். நம்ம சோதனைப் பாதையில நூறு கிலோமீட்டர். திங்கக்கிழமை காலைல வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம்" என்றது இவர் வாய். பெரியப்பா இதற்குள் நிஜமாகவே போய்ச் சேர்ந்திருந்தார், அதனால் அதுவும் உதவாது.

வீட்டில் பஸ்காரம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல? கியர் இல்ல, கிளட்ச் இல்ல. குழந்தைகூட ஓட்டும். வாங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அதே மைதானம். இப்போது அங்கே பழைய குழாய்க்குப் பதிலாகப் புதுக் குழாய் இருந்தது, அதைச் சுற்றி முன்னெச்சரிக்கையாக இரும்பு வேலி. தெரிந்தவரிடம் வண்டி வாங்கிவந்திருந்தாள். அறுபத்தாறு வயதுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்களை அகலத் திறந்துகொண்டார். பத்து அடி, இருபது அடி. மைதானம், சுவர், குப்பைத்தொட்டி. என்ன அற்பமான காட்சி! மனசுக்குள் கடற்கரைச் சாலை மினுங்கியது. இமை இறங்கியது. பஸ்காரம்மா கைப்பிரேக்கை இழுத்தாள்.

"போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் அவள். "நாப்பது வருஷமா ஒரு பொய்க்குச் சோறு போட்டாச்சு, போதும்."

திங்கட்கிழமை சோதனைப் பாதையில் ஐந்தாவது தும்பி வெயிலில் நின்றது. தலைமை இன்ஜினியர் சாவியை நீட்டினார். இவர் வாங்கவில்லை.

"அம்மா, எனக்கு ஓட்டத் தெரியாது."

"இந்த மாடல் ரொம்ப சுலபம் ஐயா..."

"எந்த மாடலும் தெரியாது. முதல் வண்டிலேர்ந்தே தெரியாது. பொய் சொல்லித்தான் உட்கார்ந்தேன்."

அந்த அம்மாள் அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். கேலியான சிரிப்பு இல்லை. "அதான் இவ்வளவு சரியாச் சொல்லியிருக்கீங்க! ஓட்டத் தெரிஞ்சவங்களை உட்கார வெச்சா ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க ஐயா. அவங்களுக்கு வலி பழகிடும். வலிக்குதுன்னே தெரியாது." சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆனா விதி விதிதான். நீங்க இனிமே உட்கார முடியாது. மன்னிச்சுக்கோங்க."

நாற்பது வருடப் பயம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அழவேண்டும் போல இருந்தது. அவமானம் அல்ல, அந்தச் சாலை போய்விட்டதே என்ற துக்கம். கடலோரத்தில் நடுவழியில் இறக்கிவிட்ட மாதிரி நின்றார்.

"நல்லா ஓட்டவும் தெரியணும், வலியைச் சொல்லவும் தெரியணும். அப்படி ஓர் ஆளுக்கு எங்கே போறது?" என்று அந்த அம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"என் வீட்ல ஒருத்தி இருக்கா" என்றார் இவர். துக்கத்தின் நடுவிலும் குரலில் பெருமை வந்தது. "முப்பத்தி நாலு வருஷம் பஸ் ஓட்டினவ. கெட்டிக்காரி. ஒரு நாள்கூட அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு சொன்னதில்ல."

தலைமை இன்ஜினியர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கூட்டிட்டு வாங்க" என்றார்.

புதன்கிழமை பஸ்காரம்மா கைப்பையைத் தச்சரிடம் கொடுத்துவிட்டு மரக்கூட்டில் இறங்கினாள். சுவரில் புதிய பழுப்புக் காகிதம், அதில் அவளுடைய குட்டையான கோட்டுருவம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதற்கு, "முப்பத்தி நாலு வருஷம் மூடாம ஓட்டினவகிட்ட சொல்ற பேச்சா இது?" என்று மறுத்துவிட்டாள். இவர் ஓரமாக நின்றார். தன் இடத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முதலில் பொறுக்கவில்லை. பிறகு அவள் கால் எட்டுகிறதா என்று எட்டிப் பார்த்தார். எட்டவில்லை. வழக்கம்போல நுனிக்காலில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் சொல்லவில்லை. காகிதம் வெறுமையாக இருந்தது. பார்த்தீர்களா என் மனைவியை என்பதுபோல இவர் நிமிர்ந்து நின்றார்.

"எங்கயாவது வலிக்குதாம்மா?" என்றார் தலைமை இன்ஜினியர்.

"இல்லம்மா."

"கொஞ்சம்கூட இல்லையா?"

"எப்பவும் இருக்கிறதுதான் இருக்கு. அதையுமா சேத்துச் சொல்லணும்?"

"அதையும் சொல்லுங்க."

பஸ்காரம்மா சொல்லத் தொடங்கினாள். வழித்தடத்தில் நிறுத்தம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். வலது இடுப்பெலும்பு. அதற்குக் கீழே தொடைவரை ஒரு இழுப்பு. இடது முழங்காலின் உள்பக்கம், அது கிளட்ச் மிதித்து மிதித்து வந்தது. கழுத்தின் பின்னால் இரண்டு இடம். முதுகின் நடுவில், கைவைத்துக் காட்ட முடியாத ஓர் இடம். தலைமை இன்ஜினியர் புள்ளி வைத்துக்கொண்டே போனார். இவர் எண்ணினார். பதினான்கு. அவருடைய காகிதத்தில் எந்தப் பிறவியிலும் ஏழுக்கு மேல் வந்ததில்லை.

"இந்த இடுப்பு எப்பலேர்ந்து?" என்று கேட்டது தான்தான் என்று அவருக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"நம்ம பொண்ணு வயித்துல இருந்தப்போ ஆரம்பிச்சது."

"என்கிட்ட சொல்லலையே!"

"வலியைப் பத்திப் பேசுறது உங்க ஆபீஸ் வேலை. அதை வீட்டுக்கும் கொண்டுவர வேணாம்னு விட்டுட்டேன்" என்றாள். குத்திச் சொல்லவில்லை. அவளுக்கு அது நியாயமாகவே பட்டிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவள் ஓட்டிய பேருந்துக்கும் எங்கோ ஒரு மரக்கூட்டில் தன்னைப் போல ஒரு நடுத்தர ஆள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான், மேகம் பார்த்திருப்பான். முப்பத்தி நாலு வருடம் அவன் காலுக்கு அளவெடுத்த பெடலை இவள் எட்டி எட்டி மிதித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

தச்சர் பெடல் பலகையின் திருகைத் தளர்த்தி முன்னால் தள்ளினார். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று. சீட்டின் அடியில் ஓர் ஆப்பு செருகினார். அவள் பாதம் முழுதாகப் பதிந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றாள். "இன்னும். ஆங்... இருங்க, இருங்க. தொடாதீங்க."

அவள் புருவங்களுக்கு நடுவே செங்குத்தாக ஒரு கோடு உண்டு. கல்யாணமான புதிதில் அது கிடையாது. பிள்ளை பிறந்த பிறகு எப்போதோ வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. குடும்பத்தில் எல்லாரும் அதை அவள் முன்கோபம் என்றே சொல்வார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அவர் எத்தனையோ மாலைகளில் பேச வந்ததைப் பேசாமல், வம்பு எதற்கு என்று தன் மலைக்கும் கடலுக்கும் திரும்பியிருக்கிறார். இப்போது அவர் கண் முன்னாலேயே அது மெல்ல மெல்லத் தளர்ந்து, இருந்த இடமே தெரியாமல் போனது. அது கோபமே இல்லை.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் பஸ்காரம்மா.

அவர் தலைமை இன்ஜினியரின் கையிலிருந்து சிவப்புப் பென்சிலை வாங்கிக்கொண்டு காகிதத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"மிச்சத்தையும் சொல்லு. நான் எழுதுறேன்."

"மூணு மணி நேரம் பத்தாதுங்க" என்றாள் அவள்.

"பரவால்ல, சொல்லு" என்றார்.